ஒரே பெட்டியில் இரண்டு கத்திகள்

அந்த வீட்டுக்கு இரண்டாவது மருமகள் வரும்வரை பெரியவளுக்குப் பெரியவள் என்ற பெயர் கிடையாது. வெறும் மருமகள்தான். கொழுந்தன் கல்யாணம் முடித்து ஒருத்தியை அழைத்துவந்த அன்று மாமியார் வாசலில் நின்றபடி, “பெரியவளே, சின்னவளுக்குத் தண்ணி கொண்டா” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இவள் பெரியவள் ஆனாள். வந்தவள் சின்னவள் ஆனாள். தண்ணீர் கொண்டுவருகிறவள் யார், குடிக்கிறவள் யார் என்பதும் அதிலேயே முடிவாகிவிட்டது. பெரியவள் சிரித்துக்கொண்டுதான் டம்ளரை நீட்டினாள். ஆனால் அந்த டம்ளர் கைமாறிய நொடியில் அவள் நெஞ்சில் ஒரு முள் ஏறியது. அதைப் பிடுங்கிப் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவளிடம் என்ன இருந்தது பொறாமைப்பட்டுக் காப்பாற்றிக்கொள்ள? அழகு என்று யாரும் சொன்னதில்லை. படிப்பும் பாதியோடு நின்றது. கணவன் டெலிவரி வேன் ஓட்டுகிறவன், நல்லவன், ஆனால் வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதவன். சாப்பாடு நன்றாக இருந்தால் தட்டை நீட்டுவான், அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு வெளியே லாரிகள் ஓடும் சாலையோரம் இருந்த நர்சரியில் மட்டும் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஒட்டுக் கட்டும் கொட்டகையில் அவள் கை வைத்த செடி துளிர்க்கும் என்பார்கள். அந்த ஒன்றுதான் அவளுடைய சொத்து.

வேலை இதுதான். விதையில் முளைத்த கொய்யாச் செடியின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளக்க வேண்டும். நல்ல காய் காய்க்கும் மரத்திலிருந்து ஒரு குச்சியை எடுத்து, அடியை ஆப்பு மாதிரிச் சீவி, அந்தப் பிளவில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். இரண்டு பச்சைக் காயங்களும் இடைவெளி இல்லாமல் தொட்டுக்கொண்டால் ஒன்று இன்னொன்றாகிவிடும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் குச்சி கறுத்துச் செத்துவிடும். அதனால்தான் அங்கே எல்லாமே கத்தியின் கையில் இருந்தது. யார் கட்டியது என்று பின்னால் தெரிவதற்காக முதலாளியம்மா ஒவ்வொருவருக்கும் ஒரு நிற நாடா கொடுத்திருந்தார். பெரியவளுக்கு மஞ்சள். கொட்டகையில் மஞ்சள் நாடாவுக்கு மேல் பச்சைத் துளிர் எட்டிப்பார்க்கும் காலையில், பெரியவள் நடையே வேறாக இருக்கும்.

கூட வேலை பார்த்த அம்மாள் மகன் வீட்டோடு போய்விட்டதால் ஓர் இடம் காலியானது. வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தது தப்பாகப் போயிற்று.

“சின்னவ வீட்லதானே இருக்கா, கூட்டிட்டுப் போயேன்” என்றான் கணவன்.

“அவளுக்கு இந்த வேலை என்ன தெரியும்?”

“தையல் கம்பெனில பிசிறு வெட்டுனவதானே? கத்தி பிடிச்ச கைதான்” என்று மாமியார் தீர்ப்பு எழுதிவிட்டார்.

சின்னவள் ஓடிவந்து பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நீங்க இருந்தா எனக்குப் பயமே இல்லக்கா.”

அவளோ வெள்ளை மனசுக்காரி. அந்த வெள்ளையைப் பார்க்கப் பார்க்கத்தான் பெரியவளுக்குக் கண் கூசியது.

நர்சரியில் மண்வெட்டி, கூடை, பூவாளி எல்லாம் முதலாளியம்மா தருவார். கத்தி மட்டும் அவரவர் சொந்தம். பெரியவளின் பழைய மடக்குக் கத்திக்கும் அந்தச் சமயம் பார்த்து முதுகு ஸ்பிரிங் உடைந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே இரும்புக்கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். “இதப் பாருங்கம்மா. கத்திரி இருக்கு, திருப்புளி இருக்கு, பாட்டில் திறக்கிறது இருக்கு. பல்லு குத்துறது கூட இருக்கு.”

“எனக்குச் செடிதான் வெட்டணும்ண்ணே. செடிக்குப் பல்லு கிடையாது.”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அடுக்கின் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினார். உள்ளே இரண்டே இரண்டு ஒட்டுக்கத்திகள். மரப்பிடி, கறுத்த எஃகு, மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு ஜோடிச் செருப்பைவிடக் குறைந்த விலை. இரண்டுக்கும் ஒரே விலைதான்.

இந்த இடத்தில் பெரியவளைப் பார்த்திருக்க வேண்டும்! பெண் பார்க்க வந்த வீட்டார் கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். அலகிலிருந்த நகக்குழியில் நகத்தை வைத்து விரித்தாள். ‘டக்’ என்று ஒரே சத்தத்தில் நின்றது. அலகைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தாள், கீலில் ஆட்டம் இல்லை. மடக்கிவிட்டுப் பிடியின் விளிம்பில் விரலை ஓட்டினாள், முனை வெளியே துருத்தவில்லை. பையில் போட்டால் துணியையும் கிழிக்காது, தொடையையும் குத்தாது. பிறகு வெளிச்சத்தில் பிடித்து அலகின் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். ஒட்டுக்கத்தி என்றால் ஒரு பக்கம் சாய்வாக இருக்கும், மறுபக்கம் கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்கும். அந்த மட்டம்தான் வெட்டை நேராக்கும்.

“பளபளன்னு இருக்கிறது துருப்பிடிக்காதும்மா” என்று கடைக்காரர் கடைசியாக ஒரு கல் எறிந்து பார்த்தார்.

“துருப்பிடிக்காது. ஆனா கூர் ஏத்தறதுக்குள்ள உயிரை வாங்கும். இது துடைச்சு வச்சா துருப்பிடிக்காது, கல்லுல நாலு இழுப்பு இழுத்தா சொன்ன பேச்சு கேக்கும்.”

இரண்டையும் சோதித்தாள். இரண்டும் தேறின. ஒன்றின் பிடியில் மர வரி அலை அலையாய் ஓடியது. இன்னொன்றின் பிடியில் கருகின மாதிரி ஒரு புள்ளி. பெரியவள் அலைபோட்டதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“நீ இதை எடுத்துக்கோ” என்றாள், மிச்சத்தைக் காட்டி.

“சரிக்கா” என்று சின்னவள் அந்தக் கரும்புள்ளிக் கத்தியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

விதி என்ற ஒன்று இருக்கிறதே, அது இரும்புக்கடைக்கும் வருகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

வேலை தொடங்கிய சில நாட்களிலேயே பெரியவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் கத்தி காலையில் பட்டாய்ச் சீவும், மதியத்துக்குள் மழுங்கி நார் இழுக்கும். சின்னவள் கத்தி மாலைவரை அப்படியே இருக்கும். ஒரே பெட்டி, ஒரே விலை, ஒரே பட்டறை. நெருப்பில் வாட்டும்போது இது ஒரு நொடி முந்தி வெளியே வந்திருக்கும், அது சரியான நொடியில் வந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். மலிவான கத்தியில் அது யாருக்கும் கண்ணால் தெரியாது, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். தன் கையால் நல்லதைத் தள்ளி, தன் வாயால் ‘நீ எடுத்துக்கோ’ என்று சொன்னோமே! அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் பெரியவள் கையிலிருந்த குச்சியை வெடுக்கென்று சீவித் தள்ளினாள்.

அவள் தன் கத்தியைக் கவனித்துக்கொண்ட மாதிரி ஒரு தாய் பிள்ளையைக் கவனிப்பாளா தெரியாது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் செடிச் சாற்றைத் துடைப்பாள். பிறகு காய்ந்த துணி. கீலில் புகுந்த மண்ணைப் பழைய பல் பிரஷால் தட்டி எடுப்பாள். ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு விரித்து மடக்கி, வழிந்ததைத் துடைப்பாள். ஈரத்தோடு ஒரு நாளும் மடக்கியதில்லை. தீட்டியபின் கணவனின் பழைய தோல் பெல்ட்டில் இழுத்து மெருகேற்றுவாள்.

“என் பெல்ட் எங்கடி?” என்று கணவன் ஒருமுறை கேட்டான்.

“உங்க தொப்பைக்கு அது எட்டாது. கத்திக்காவது உதவட்டும்.”

இவ்வளவு செய்தும் அந்தக் கத்தி மதியத்தில் மழுங்கியது. சின்னவளோ தன்னுடையதை முந்தானையில் ஒரு துடை துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அவளுக்குக் கொடுத்திருந்த நீல நாடா வரிசை வரிசையாய்த் துளிர்த்தது.

தண்ணீர் ஊற்றும் குழாய்க்காரர் வாய் சும்மா இருக்காது. “என்ன தங்கச்சி, இந்த வாரம் நீலம் மஞ்சளைத் தாண்டிருச்சு போல?”

“நீங்க ஒழுங்கா தண்ணி ஊத்துங்கண்ணே, மஞ்சளும் துளிர்க்கும்.”

“தண்ணிக்குக் கலர் தெரியாது தங்கச்சி!”

நாற்றுப் பைகளில் மண் ரொப்பும் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டபோது கண் கலங்கியிருந்தது.

சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்: “அக்கா, என் கத்தி நல்லா நிக்குதுக்கா. நீங்க வேகமா கட்டுறவங்க. வேணும்னா மாத்திக்கலாம்.”

கேட்காமலே கிடைத்தது. கை நீட்டினால் போதும். ஆனால் பெரியவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“எதுக்கு? என் கத்திக்கு என்ன கொறச்சல்? கட்டுறவ கையிலதான் இருக்கு எல்லாம்.”

சொல்லிவிட்டாள். அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்வரை அந்தக் கரும்புள்ளிப் பிடிதான் கண்ணுக்குள் நின்றது.

வீட்டில் மட்டும் நிம்மதி இருந்ததா? பெற்ற மகள் கூட, “சித்திதான் பின்னல் போடணும், நீ போட்டா இழுக்குது” என்றாள். மாமியார் சின்னவள் வைத்த குழம்பை ஊற்றிக்கொண்டு, “கைராசிக்காரி. செடியும் பிடிக்குது, குழம்பும் பிடிக்குது” என்றார். இத்தனை வருஷம் கொட்டகைக்குள் மட்டுமாவது தனக்கு இருந்த அந்த ஒரு வார்த்தை, கைராசி, சோற்றுத் தட்டுக்கு மேலே சின்னவள் பக்கம் போனதைப் பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிலையில்தான் சின்னவள் ஒரு மாலை வந்து கேட்டாள். “அக்கா, என் கத்தியும் இப்ப லேசா மழுங்குற மாதிரி இருக்கு. எப்படித் தீட்டணும்? எனக்குத் தெரியாதே.”

பெரியவள் துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து தன் கத்தியைத்தான் தீட்டிக்கொண்டிருந்தாள். சாய்வான பக்கத்தைக் கல்லில் சாய்த்து இழுக்க வேண்டும். மட்டமான பக்கத்தைச் சாய்க்கவே கூடாது. எழும்பும் பிசிறைப் போக்க, அந்தப் பக்கத்தை முழுசாகப் படுக்கவைத்து ஒரே ஒரு இழுப்பு. இதுதான் ஒட்டுக்கத்தியின் சட்டம். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் முள் அசைந்தது.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சாய்ச்சுத் தீட்டு” என்றாள் பெரியவள். “இந்தப் பக்கம் பத்து இழுத்தா, அந்தப் பக்கமும் பத்து.”

“நீங்க அந்தப் பக்கம் ஒண்ணுதானே இழுத்தீங்க?”

“என்னுது புதுசா தீட்டுனது. உன்னுது மழுங்கிருக்கு. நல்லா இழுக்கணும்.”

“சரிக்கா.” அவ்வளவு நம்பிக்கையாகத் தலையாட்டினாள். சமையல் கத்தியை அப்படித் தீட்டினால் குற்றமில்லை. ஒட்டுக்கத்தியை அப்படித் தீட்டுவது அதைக் கொல்வதற்குச் சமம். பெரியவள் குனிந்து தன் கத்தியைக் கல்லில் தொடர்ந்து இழுத்தாள்.

இந்தப் பொய்யில் ஒரு கொடுமை இருந்தது. தீட்டியபின் கத்தி கூராகத்தான் இருக்கும். கட்டைவிரலில் வைத்துப் பார்த்தால் சுருக்கென்று சொல்லும். ஆனால் மட்டம் போன அலகு குச்சிக்குள் நேராகப் போகாது, ஒரு பக்கமாய் விலகும். சீவிய முகம் லேசாக வயிறு போட்டுவிடும். அதைப் பிளவில் செருகினால் நடுவில் தொடும், ஓரத்தில் தொடாது. சின்னவள் தினமும் தீட்டினாள், தினமும் மட்டம் இன்னும் கெட்டது. கூர் இருக்கிறது, வெட்டு மட்டும் சரியில்லை. அவள் யாரைச் சந்தேகப்படுவாள்? தன் கையைத்தான்.

நீல நாடாவுக்கு மேல் குச்சிகள் கறுக்க ஆரம்பித்தன. முதலில் அங்கொன்று இங்கொன்று. பிறகு வரிசையாக. முதலாளியம்மா ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “முதல்ல நல்லாத்தானே கட்டுன? இப்ப கவனம் எங்க இருக்கு?”

“தெரியலம்மா. கை விலகுது.”

“கை விலகுற ஆளுக்குக் கத்தி வேண்டாம். போய்ப் பை ரொப்பு.”

சின்னவள் கொட்டகையை விட்டு வெயிலுக்குப் போனாள். மண்ணும் எருவும் கலந்த குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து கறுப்புப் பைகளில் அள்ளி அடைத்தாள். பெரியவள் மறுபடியும் தனியாக, ராணி மாதிரி, கொட்டகைக்குள்! ஜெயித்துவிட்டாள். எல்லாம் மஞ்சள்.

ஆனால் பொறாமை என்ற பேய்க்கு வயிறு நிறைவதே இல்லையே. அது வேறு கதவைத் திறந்தது.

வீட்டில் எல்லோரும் சின்னவளைச் சுற்றி நின்றார்கள். மாமியார் எண்ணெயைச் சூடாக்கி அவளுடைய வலது கையைத் தன் மடியில் வைத்து விரல் விரலாக நீவினார். “நரம்புல ஏதோ பிசகியிருக்கு, சரியாயிடும் கண்ணு.” கொழுந்தன் அவள் தட்டையும் சேர்த்துக் கழுவினான். மகள் அவள் மடியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு நல்ல வார்த்தைக்கு வழியில்லாத கணவன் கூட, “பாவம்டி சின்னவ, முகமே வாடிப்போச்சு” என்றான்.

பெரியவள் அடுப்படியில் நின்று உதட்டைக் கடித்தாள். இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்து இவளுக்கு மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. யார் பார்த்தார்கள்? தோற்றவளுக்கு எண்ணெய், ஜெயித்தவளுக்கு எச்சில் பாத்திரம். ‘வாடிப்போச்சு’ என்ற அந்த ஒரு சொல்லை அவள் கல்யாணமான நாளிலிருந்து கணவன் வாயால் கேட்டதில்லை. அதற்காக வாடிப்போகவும் அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

கத்தியைச் சின்னவள் அடுப்படி அலமாரியில் போட்டிருந்தாள். மாமியார் அதனால் பால் பாக்கெட்டை வெட்டினார், துணி சோப்பைத் துண்டு போட்டார், ஈரத்தோடு மடக்கி வைத்தார். பெரியவள் ஒருநாள் அதைத் திறக்கப் பார்த்தாள். கீல் கறகறத்தது. அலகில் செம்பழுப்பாய்த் துரு. தன் கத்தியைவிட நல்ல எஃகு, இப்படிச் சோப்புக்கும் பாலுக்கும் நடுவே நாறிக்கொண்டிருந்தது. கொட்டகையில் கறுத்து நின்ற நீல நாடாக் குச்சிகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றும் உயிருள்ள மரத்திலிருந்து வந்தது. ஒட்டுக் கட்டுகிறவள் ஒருத்தி தெரிந்தே அத்தனையையும் சாகடித்திருக்கிறாள்.

இரக்கம் வந்ததா, அல்லது சின்னவளுக்குக் கிடைக்கும் அந்த எண்ணெய்த் தடவலை நிறுத்த வேண்டும் என்ற ஆத்திரம் வந்ததா? உண்மையைச் சொன்னால் பெரியவளுக்கே தெரியாது. ‘இவ மறுபடி கொட்டகைக்கு வந்தாத்தான் இந்தக் கொஞ்சல் ஓயும்’ என்றுதான் அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தக் காரணம் அவளுக்கு வசதியாக இருந்தது.

விடுமுறை நாளில் வீட்டில் எல்லோரும் கடைத்தெருவுக்குப் போனபோது தலைவலி என்று பெரியவள் தங்கிவிட்டாள். துருவை எண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேய்த்து எடுத்தாள். கீலை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, கறுப்பாய் வழிந்த அழுக்கைத் துடைத்தாள். பிறகு சொரசொரப்பான கல்லை நனைத்து, மட்டமாக இருக்க வேண்டிய பக்கத்தை அதில் படுக்கவைத்து, மூன்று விரலால் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். ஓரத்தில் சின்னவள் போட்ட சாய்வு முழுசாகக் கரைந்து போகும்வரை தேய்க்க வேண்டும். குறுக்குவழி கிடையாது. தோள் கடுத்தது. விரல் நுனித் தோல் கல்லில் உரசி ரத்தம் கசிந்து தண்ணீரோடு ஓடியது. நிறுத்தவில்லை. அழுதாளா? அழுதாள். ஆனால் அழும்போதும் ஒன்றைக் கவனித்தாள்: இந்த எஃகு தன்னுடையதைவிடக் கடினம். தேயவே மாட்டேன் என்கிறது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் மதியம் எருக்குவியலுக்கு முன்னால் போய் நின்றாள்.

“இந்தா.”

சின்னவள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் மண். “என்னக்கா, அந்தக் கத்தியா? எனக்கு எதுக்கு அது?”

“ஒரு குச்சி சீவிப் பாரு.”

கொய்யாக் குச்சி ஒன்றைக் கையில் திணித்தாள். சின்னவள் கத்தியை விரித்தாள். ‘டக்’ என்று நின்றது. தயங்கித் தயங்கி ஓர் இழுப்பு. குச்சியின் முகம் கண்ணாடி மாதிரி மின்னியது. மறுபுறம் ஓர் இழுப்பு. அப்பழுக்கில்லாத ஆப்பு. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதடு துடித்தது.

“அக்கா! என் கை சரியாயிடுச்சுக்கா!”

மண் கையோடு பெரியவளைக் கட்டிக்கொண்டாள். விம்மி விம்மி அழுதாள். “நான் பயந்தே போயிட்டேன்க்கா. எனக்கு என்னமோ நோய் வந்துருச்சுன்னு நினைச்சேன். அவர்கிட்ட கூடச் சொல்லல. ராத்திரியெல்லாம் கையை நீட்டி நீட்டிப் பாத்துட்டு இருப்பேன்.”

பெரியவள் மரக்கட்டை மாதிரி நின்றாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இவள் கத்தியைத்தானே கெடுத்தாள்? அவளோ தன் கையையே இழந்ததாக நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், அடுத்த அறையில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்.

இத்தோடு விட்டிருக்கலாம். குற்றமும் தெரியாது, புண்ணியமும் கிடைக்கும். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“இனிமே பாருங்க, ஒரு நாள் விடாம நானே தீட்டுவேன். ரெண்டு பக்கமும் நீங்க சொன்ன மாதிரியே, பத்து பத்து.”

அந்த வார்த்தை பெரியவள் காதில் இடி மாதிரி விழுந்தது. ஒரு வாரம். அதற்குள் மட்டம் மறுபடி போய்விடும். இவள் மறுபடி கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். கத்தி பிழைக்க வேண்டுமானால் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். சட்டத்தைச் சொன்னால் பொய் வெளியே வந்துவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்ல வழியே இல்லை.

“ரெண்டு பக்கமும் தீட்டாதே” என்றாள் பெரியவள்.

“ஏங்க்கா?”

“ஒரு பக்கம்தான் சாய்ச்சுத் தீட்டணும். இந்த மட்டமான பக்கத்தைச் சாய்க்கவே கூடாது. சாய்ச்சா வெட்டு விலகும்.”

சின்னவளின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. “நீங்கதானே ரெண்டு பக்கமும் சொன்னீங்க?”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

குழாய்க்காரர் தூரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. சின்னவள் கையிலிருந்த கத்தியைத் திருப்பி, அந்த மட்டமான பக்கத்தைப் பார்த்தாள்.

“மறந்து சொல்லிட்டீங்களா?” சின்னவள் குரல் கெஞ்சியது. ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்கிற குரல்.

பெரியவள் தலையை அசைத்தாள். “தெரிஞ்சுதான் சொன்னேன்.”

“ஏன்?”

“உன் கத்தி நல்லா வெட்டுச்சு.”

“ஒரு கத்திக்காகவா? நான்தான் மாத்திக்கலாம்னு சொன்னேனே!”

“அதுக்காகவும்தான்.”

சின்னவள் எழுந்தாள். மடியிலிருந்த மண்ணைத் தட்டினாள். பெரியவள் கன்னத்தில் ஓர் அறையை எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னவள் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள். சீவிய குச்சியைக் காட்டினாள் போலிருக்கிறது. மாலைக்குள் அவளுடைய முக்காலி கொட்டகைக்குத் திரும்பிவிட்டது.

அன்று இரவுச் சாப்பாடு பெரியவளுக்கு விசாரணைக் கூண்டாக இருந்தது. இதோ சொல்லப்போகிறாள், இதோ உடைக்கப்போகிறாள் என்று சின்னவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கை எப்படிம்மா இருக்கு?” என்றார் மாமியார்.

“சரியாயிடுச்சு அத்தை.”

“எண்ணெய் போட்டது வேலை செஞ்சிருக்கு!”

“எண்ணெய் இல்ல அத்தை. கத்திலதான் கோளாறு. அக்கா நாள் பூரா உக்காந்து தேய்ச்சுச் சரி பண்ணிக் குடுத்தாங்க. விரலைப் பாருங்க, ரத்தம் கட்டியிருக்கு.”

எல்லோரும் பெரியவளின் விரலைப் பார்த்தார்கள். கணவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “என்னடி இது, சொல்லவே இல்ல?” என்றான். மாமியார் எழுந்துபோய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, “இப்படி ஒரு ஓர்ப்படி யாருக்குக் கிடைப்பா! நீ நல்லா இருப்ப பெரியவளே” என்று அந்த விரல்களை நீவினார்.

எத்தனை வருஷம் ஏங்கிய விரல்கள்! எண்ணெய் பட்டதும் நெருப்புப் பட்ட மாதிரி எரிந்தன. பெரியவள் நிமிர்ந்து எதிரே பார்த்தாள். சின்னவள் அமைதியாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். சொல்லவில்லை. சொல்லவே மாட்டாள். அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே போய்விட்டது! திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். இவளை எப்படி ஜெயிப்பது?

சாப்பிட்டுக் கை கழுவத் துவைக்கிற கல்லருகே போனபோது, சின்னவள் அங்கே நின்றிருந்தாள். கரும்புள்ளிக் கத்தியைக் கல்லின் மேல் வைத்தாள்.

“இனிமே இதைத் தீட்டறது உங்க வேலை. தினமும். நான் கல்லைத் தொட மாட்டேன்.”

“நானா? உன் கத்தியையா?”

“என் கத்திதான். நல்லா வெட்டுதுன்னு சொன்னீங்கல்ல?”

உள்ளே போய்விட்டாள். அவள் போனபிறகுதான் பெரியவளுக்கு உறைத்தது. இரண்டு முறை பேசினாள், ஒரு முறை கூட ‘அக்கா’ இல்லை. நான்கு பேர் முன்னால் அந்தச் சொல் இருந்தது, தனியாக இருக்கும்போது இல்லை. அதற்குப் பிறகும் அப்படியேதான் நடந்தது.

பெரியவள் தினமும் தீட்டினாள். முதலில் தன் கத்தி, பிறகு அந்தக் கத்தி. நினைத்திருந்தால் ஒரே ஒரு சாய்ந்த இழுப்பு போதும், மறுபடியும் கெடுத்துவிடலாம். சின்னவள் சோதித்துப் பார்ப்பதே இல்லை. காலையில் வந்து எடுப்பாள், விரித்துக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு நடப்பாள். அந்த அலட்சியம் சாட்டை மாதிரி விழும். நம்பிக்கையா, தண்டனையா என்று கேட்கவும் முடியாது.

கல்லின் மேல் அந்த எஃகு போகும் சத்தமே தனி. தன்னுடையது கரகரக்கும், அது விசில் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். பாழாய்ப்போன கத்திக்கு என்னமாய்க் கூர் ஏறுகிறது! பெரியவளுக்கு வயிறு எரியும். எரிந்துகொண்டே, மட்டமான பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து, இம்மியும் தூக்காமல், கடைசி இழுப்பை இழுப்பாள்.